மட்கார்டு இல்லாத சைக்கிள்

கிராஞ்சியில் உள்ள செடி நர்சரியில் சுந்தரேசனுக்கு வேலை மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் கழித்து முடிந்துவிடும். ரப்பர் பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றால் பஸ் வர வேண்டும். வராது. அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் பண்ணைகளும் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளும்தான். விடுதிக்காரர்கள் லாரியில் போய் லாரியில் வருகிறவர்கள். பண்ணை முதலாளிகளுக்குக் கார் இருக்கிறது. அப்புறம் யாருக்காக அடிக்கடி பஸ் விடுவான்? சிமெண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒவ்வொன்றும் அவர் முகத்தில் ஒரு வீச்சுப் புழுதியை அடித்துவிட்டுப் போகும். அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு மறுபடி ரோட்டு வளைவைப் பார்ப்பார்.

முன்பு துவாஸில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர் அவர். மனைவி தங்கத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபிறகு ஷிப்ட் வேலை ஒத்துவரவில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நிலையம் சுவா சூ காங்கில், அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. போகும்போது அவளாகவே போய்விடுவாள். ரத்தம் வெளியே போய் உள்ளே வந்து, எல்லாம் முடிந்து திரும்பும்போதுதான் கூட ஒரு ஆள் வேண்டும். சில நாள் பிரஷர் இறங்கிவிடும். சில நாள் கெண்டைக்காலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் விடியற்காலையில் தொடங்கி மதியத்தோடு முடிகிற இந்த வேலையைத் தேடிப் பிடித்தார். தொட்டி தூக்குவது, மண் கலப்பது, உரம் போடுவது, வெயில் ஏறுவதற்குள் வரிசை வரிசையாகத் தண்ணீர் பிடிப்பது. அறுபது வயதுக்குமேல் புதிதாக ஒன்று தெரிந்துகொண்டார். காகிதப்பூச் செடியின் முள் கையுறையைத் தாண்டியும் குத்தும்.

வேலை ஒத்துப்போனது. பஸ்தான் ஒத்துப்போகவில்லை.

டிசம்பர் மழை நாள் ஒன்றில் அவருக்கு ரொம்பவே தாமதமாகிவிட்டது. கிராஞ்சி ஸ்டேஷனுக்கு வந்து, ரயிலேறி, சுவா சூ காங்கில் இறங்கி, குடையை விரிக்கக்கூட நிற்காமல் நிலையத்துக்கு ஓடினார். பிலிப்பீன்ஸ் தாதி கண்ணாடிக் கதவைத் திறந்து, "அங்கிள், ஆன்ட்டி கோ ஹோம் ஆல்ரெடி. ஐ டெல் ஹர் வெயிட், ஷி டோன்ட் வான்ட்" என்றாள்.

தங்கம் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்க மேசையைச் சுற்றியிருக்கும் சிமெண்டு முக்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப வந்த?"

"இப்பத்தான்."

"லிப்ட் வரலையா?"

"லிப்ட் வந்துச்சு. எந்திரிக்க முடியல."

அப்போதுதான் அவர் அவள் இடது கையைப் பார்த்தார். ஊசி குத்தியிருந்த இடத்தில் யாருடையதோ ஒரு பூப்போட்ட கைக்குட்டை சுற்றியிருந்தது. அதில் ரத்தம் ஊறிக் கறுத்திருந்தது. ரவிக்கைக் கையிலும் ரத்தம். முழங்கால் பக்கம் புடவை கிழிந்து மண்ணாக இருந்தது.

"ஈரத்துல வழுக்கிருச்சு. கட்டு அவுந்துருச்சு. மூணாம் மாடிச் சீனப் பாட்டி ஓடியாந்து அழுத்திப் புடிச்சுக்கிட்டாங்க. இப்ப நின்னுருச்சுங்க."

"காத்திருக்கலாமில்ல?"

"நாலு பேரு காத்திருக்காங்க அந்த நாற்காலிக்கு. முடிஞ்சவ எத்தன நேரம் அங்கயே உக்காந்திருக்கிறது? படுக்கணும்போல இருந்துச்சு, நடந்து வந்துட்டேன்." அவள் குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் அவரைக் குத்தியது.

அந்தச் சனிக்கிழமை மகள் தாரணி வந்தாள். பொங்கோலில் குடியிருக்கிறாள். இடுப்பில் கைக்குழந்தை, தோளில் பை, கண்ணுக்குக் கீழே கருவளையம். குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பியதிலிருந்து அவளும் சரியாகத் தூங்கவில்லை. அம்மாவின் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

"ப்பா, நான் சொல்றதக் கோவப்படாம கேளுங்க. எங்க புளோக்குக்கு எதிர்த்தாப்லயே சென்டர் இருக்கு. ட்ரான்ஸ்பர் கேட்டா குடுப்பாங்க. அம்மா எங்கூட வந்து இருக்கட்டும். நான் இப்ப பாதி நாளு வீட்லேர்ந்துதான் வேல பாக்குறேன்."

"நானு?"

தாரணி குழந்தையின் வாயைத் துடைத்தாள். "நீங்களும் வரலாம்பா. ஆனா அங்க ரெண்டே ரூம். அவரோட அம்மா வேற இருக்காங்க. அதவிட, பொங்கோல்லேர்ந்து கிராஞ்சிக்கு எப்படி வேலைக்குப் போவீங்க? நீங்களே யோசிங்க லா."

அவர் யோசித்தார். எழுந்து வராந்தாவுக்குப் போனார். அங்கே கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருந்தது தாரணியின் பழைய மவுண்டன் பைக். பாலிடெக்னிக் படிக்கும்போது சிநேகிதிகளோடு புலாவ் உபின் தீவுக்குப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேற்றிலும் கல்லிலும் ஓட்டியது. கல்யாணமாகிப் போனபோது விட்டுவிட்டுப் போனாள். வேலைக்குப் போகவர இதை ஓட்டினால் என்ன என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது.

"இது ஓடுமா?" என்றார்.

"அதையா? டவுன் கவுன்சில்காரங்க எடுத்துரச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாங்கல்ல. தூக்கிப் போடுங்கப்பா."

"நல்ல சைக்கிளு."

"ப்பா, அந்த ரோட்ல லாரி எப்படிப் போகும்னு உங்களுக்கே தெரியும்."

உள்ளேயிருந்து தங்கம், "சாப்பிட வாங்க ரெண்டு பேரும்" என்றாள். மீன் குழம்பு வைத்திருந்தாள். புளியும் தக்காளியும் அவளுக்கு ஆகாது என்பதால் தனக்கு மட்டும் பொட்டாசியம் போக ஊறவைத்து வடித்த உருளைக்கிழங்கு. குழந்தை கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமையே சைக்கிளை எடுத்துவிட்டார். காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, தலையில் தாரணியின் பழைய ஹெல்மெட். ஓடியது. ஆனால் வேலைக்கு ஓட்டக்கூடிய ஓட்டமாக இல்லை. டயரில் கட்டை விரல் கனத்துக்குக் குமிழ் குமிழாக ரப்பர். தார் ரோட்டில் அது உர்ரென்று கத்திக்கொண்டே வந்தது. மிதித்த மிதியில் பாதிதான் முன்னே போனது. ஹேண்டில்பார் தாழ்ந்து நேராக இருந்ததால் மேலே குனிந்து தொங்க வேண்டியிருந்தது. நர்சரிக்குப் போய்ச் சேரும்போது உள்ளங்கை மரத்துப்போனது. முன்பக்கத்து ஸ்பிரிங் ஒவ்வொரு மிதிக்கும் முனகியது. மட்கார்டு கிடையாது. மழை நின்ற ரோட்டில் பின்சக்கரம் சேற்றை வாரி முதுகில் கோடு போட்டது. சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்ட வேண்டியிருந்தது, அது வேறு இழுத்தது.

ஆனாலும் அன்று தங்கத்தைக் கூட்டிவர நேரத்துக்குப் போய்விட்டார். தாதி அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். தங்கம் அவர் முதுகைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றச் சொல்லி, சோப்புப் போட்டு ஒற்றைக் கையால் கசக்கினாள்.

தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிறு நர்சரி லாரி வாழைக்கன்றும் கறிவேப்பிலைச் செடியும் ஏற்றிக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போனது. இலைகளுக்கு நடுவில் சைக்கிளையும் படுக்கவைத்துக்கொண்டு சுந்தரேசனும் போனார். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்பக்கத்துச் சந்தில் முகைதீனின் சைக்கிள் கடை. பத்தடிக் கடைதான். ஞாயிற்றுக்கிழமையில் பாதிக் கடை நடைபாதையில்தான் இருக்கும். விடுதித் தம்பிகள் பழைய சைக்கிள் வாங்கவும் பஞ்சர் ஒட்டவும் நின்றுகொண்டிருப்பார்கள். முகைதீனுக்கு ஐம்பதுக்கு மேல் வயது. முட்டி தேய்ந்துவிட்டதால் குந்தி உட்கார முடியாமல் குட்டை ஸ்டூல் ஒன்றைக் காலாலேயே தள்ளிக்கொண்டு சைக்கிளுக்குச் சைக்கிள் போவார். தேக்காவுக்கு மீன் வாங்க வரும்போதெல்லாம் சுந்தரேசன் அவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவது பழக்கம்.

"என்னண்ணே, மலையேறப் போறீங்களா?"

"வேலைக்குப் போறேன் பாய். கிராஞ்சிக்கு."

முகைதீன் டயரை அழுத்திப் பார்த்தார். முன்பக்கத்தைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். அது போன இடத்திலேயே நின்றுவிட்டது.

"ஸ்பிரிங் போயிருச்சு. சும்மா பாரம். இது காட்டுல ஏறி எறங்கச் செஞ்சது. ரோட்ல ஓட்டுனா உங்க சக்திய டயரே தின்னுரும். பேசாம அந்தப் பச்சைச் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போங்க. கூடை, ஸ்டாண்டு எல்லாம் இருக்கு. இதுக்குப் பண்ற வேலைய அதுக்குப் பண்ண வேணாம்."

"இது மகளோடதுல்ல."

"மக திருப்பிக் கேட்டுச்சா?"

"தூக்கிப் போடச் சொல்லுது."

முகைதீன் சிரித்தார். "அப்ப யாருக்காகண்ணே வச்சிருக்கீங்க?" பதிலுக்குக் காத்திராமல் ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

சுந்தரேசன் பெயிண்ட் டின் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். குமிழ் டயர்களைக் கழற்றி, வழவழவென்று ரோட்டு டயர் போட்டார் முகைதீன். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்பிரிங் கவட்டையை இழுத்துப் போட்டுவிட்டு, உடைசலில் கிடந்த ஒரு சாதாரண இரும்புக் கவட்டையைத் தேடி எடுத்து மாட்டினார். அதற்குத்தான் நேரம் பிடித்தது. முதலில் பொருந்தவில்லை, வளையம் ஒன்று குறைந்தது, அதைத் தேடுவதற்குள் மூன்று பேர் பஞ்சர் ஒட்ட வந்துபோனார்கள். ஹேண்டில்பாரை மாற்றி, பின்னால் வளைந்து மேலே நிற்கிற மாதிரி ஒன்று போட்டார். முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்ததில் நடுவில் உள்ளதை மட்டும் விட்டார்.

"மூணு எதுக்குங்குறேன். சங்கிலி மாறி மாறி விழுகும். உங்க ரோட்ல என்ன ஏத்தம் இருக்கு?"

"ஒரு மேம்பாலம் இருக்கு பாய்."

"எறங்கித் தள்ளுங்க. யாரு பாக்கப் போறா." மட்கார்டை வைத்து அளவு பார்த்துக்கொண்டே கேட்டார், "வீட்ல எப்படி இருக்காங்க?"

"இருக்கா. வாரத்துல மூணு நாளு போறா, வர்றா. மத்த நாளு போயிட்டு வந்த அசதியில கெடக்குறா. தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. ஐஸ் கட்டிய வாயில போட்டுக்குறா."

"எங்க மாமுவும் அப்படித்தான் இருந்தாங்க," என்று தொடங்கிய முகைதீன் என்ன நினைத்தாரோ, நிறுத்திக்கொண்டார். "கேரியருக்கு இதுல ஓட்டையே வைக்கல பாருங்க. பட்டை போட்டு முறுக்கிர்றேன். என்ன வைப்பீங்க பின்னால?"

"சாப்பாட்டுப் பை. மழைக் கோட்டு. வர்றப்ப அவளோட பை. அதுல போர்வ இருக்கும், மெஷின்ல படுத்திருக்கும்போது குளிரும் அவளுக்கு."

"அப்ப முன்னாடி கூடையும் போட்டுர்றேன்."

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு, ஒரு ஸ்டாண்டு, அகலச் சீட்டு. வேலை முடிந்தபோது கடையில் வெயில் சாய்ந்திருந்தது. புக்கிட் தீமா கால்வாயை ஒட்டியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று சுந்தரேசன் புறப்பட்டார். முதுகு நிமிர்ந்திருந்தது. டயர் சத்தம் போடவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு தன் உடம்பு தன் பேச்சைக் கேட்பதுபோல இருந்தது அவருக்கு. புக்கிட் பாஞ்சாங் வரும்போது தொடை இரண்டும் பற்றி எரிந்தன. ஆனாலும் வீட்டு வாசலில் நின்று பெல் அடித்துத் தங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, கூடையை, கேரியரை, விளக்கை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மட்கார்டு போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு நாளும் தாமதமாகவில்லை. ஊசி எடுத்துக் கட்டுப்போடுவதற்கு முன்பே போய் வெளியே நிற்பார். தங்கத்தின் பையைக் கூடையில் வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். அவள் சீட்டின்மேல் கை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வருவாள். கைத்தடி வைத்துக்கொள்ளச் சொன்னால் கேட்காதவளுக்கு இது பிடித்திருந்தது. இடையில் தலை சுற்றினால் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அவள் சரியாகும்வரை இரண்டு பேரும் நின்றுவிட்டு நடப்பார்கள்.

ஆனால் மழை விடவில்லை. விடியற்காலையில் மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போவார். உள்ளே வேர்வையிலேயே நனைந்துவிடுவார். நர்சரியில் தொட்டி தூக்கிய முதுகோடு மறுபடி ஏறி மிதிக்க வேண்டும். சாயங்காலம் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போவார். ஒருநாள் கிராஞ்சி ரோட்டில் லாரி ஒன்று ஒட்டி வர, புல்லில் இறங்கி விழுந்தார். அடி ஒன்றும் பெரிதில்லை. கூடை நசுங்கியதை நர்சரியில் தட்டி நிமிர்த்திக்கொண்டுதான் வந்தார்.

தங்கத்துக்குத் தெரியாமலா போகும்? மறுநாள் டயாலிசிஸ் இல்லாத நாள். சாயங்காலம் அவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கூடைல புல்லு ஒட்டியிருக்கு."

"நர்சரில சாத்தி வச்சேன்."

"சரி." கொஞ்ச நேரம் அவர் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் தாரணிகிட்ட சரின்னு சொல்லிட்டேங்க."

"எதுக்கு?"

"பொங்கோலுக்கு."

அவர் கை நின்றது. "எப்ப சொன்ன?"

"தாரணி வந்துச்சே, அந்தச் சனிக்கெழம. நீங்க சாப்பிட்டுட்டு மறுபடி வெளிய போயி சைக்கிளப் பாத்துக்கிட்டிருந்தப்ப. எடம் கெடைக்க நாளாகும்னுச்சு. இப்பக் கெடச்சிருச்சு."

"அப்ப நான் இத்தன நாளும்…"

"நான் எப்படிங்க சொல்றது? திங்கக்கெழமையே எடுத்து ஓட்ட ஆரம்பிச்சுட்டீங்க. அப்புறம் லாரில ஏத்திக்கிட்டுப் போனீங்க. வேர்த்து விறுவிறுத்து வந்து நின்னு பெல்லு அடிச்சுக் காட்டுறீங்க. அந்த மூஞ்சியப் பாத்துட்டு நான் பொங்கோலுக்குப் போறேன்னு சொல்லச் சொல்றீங்களா?"

சுந்தரேசன் தைலப் புட்டியை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திறந்து மறுபடி மூடினார்.

"நேரத்துக்குத்தான் வர்றேனே. ஒரு நாள் விட்டுருக்கேனா?"

"விடல."

"அப்புறம் என்னை விட்டுட்டுப் போறதுக்கு என்ன வந்துச்சு?"

"விட்டுட்டா?" தங்கத்தின் குரல் முதல்முறையாக உயர்ந்தது, உடனே களைத்து இறங்கியது. "நர்ஸு எனக்குப் பிரஷர் பாத்துட்டு உங்களுக்கும் பாக்குது. உங்களுக்கும் தண்ணி குடுக்குது. சோத்துல கை வச்சபடியே தூங்கிப்போறீங்க, நான் பாக்குறேன். அங்க படுத்திருக்கும்போது மெஷினப் பாக்கலங்க நான். இப்ப எந்த ரோட்ல வர்றாரோ, எந்த லாரிக்கு முன்னாடி வர்றாரோன்னு அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடக்குறேன். பஸ்ஸுல வர்றப்ப லேட்டானா லேட்டு, அவ்வளவுதான். இப்ப ஒரு நிமிஷம் லேட்டானாலும் எனக்கு வாசல்லயே கண்ணு நிக்குது."

எதிர்ப் புளோக்கில் யாரோ ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போட்டிருந்த கம்பை உள்ளே இழுத்தார்கள். மறுபடி மழை வருகிறது போலிருந்தது.

"ஞாயித்துக்கெழம வரலாமில்ல நான்?"

"வராம? மீன் வாங்கிட்டு வாங்க. அங்க தாரணிக்கு மீன் பாக்கத் தெரியல."

மருமகன் காரை எடுத்துக்கொண்டு வந்து அவளைக் கூட்டிப்போனார். இரண்டு பைதான். சுந்தரேசனும் கூடப் போய், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போர்வையை மடித்து வைத்துவிட்டு, பேரன் தூங்கும்வரை இருந்துவிட்டு, ரயிலில் திரும்பினார். நிலையங்கள் வந்துகொண்டே இருந்தன. இந்தத் தீவு இவ்வளவு பெரிது என்று அவருக்கு இதற்குமுன் தோன்றியதில்லை.

புதன்கிழமை நர்சரியில் வேலை முடிந்தது. பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்தார். ஹெல்மெட்டை மாட்டினார். இன்று அவசரமே கிடையாது என்று ரோட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. அப்படியும் மெதுவாகப் போகத் தெரியவில்லை. கால் பழகிய வேகத்தில் மிதித்தது. சுவா சூ காங் வந்து, வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தில் திரும்பாமல், நிலையத்தின் முன்னால் வந்து ஸ்டாண்டு போட்டு நிறுத்திய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார்.

கண்ணாடிக்கு உள்ளே தங்கத்தின் நாற்காலியில் ஒரு மலாய்க்காரர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தாதி சுந்தரேசனைப் பார்த்துவிட்டுக் கை உயர்த்தினாள். இவரும் உயர்த்தினார். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்துத் தங்கத்துக்குப் போட்டார்.

"முடிஞ்சுதா?"

"இப்பத்தாங்க கட்டுப் போட்டாங்க. வெளிய உக்காந்திருக்கேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்க எங்க இருக்கீங்க? லாரிச் சத்தமே காணோம்."

"சென்டருக்கு வெளிய."

"எந்த சென்டரு?"

"நம்ம சென்டருதான்."

சிரிக்கிறாளா என்று உற்றுக் கேட்டார். தெரியவில்லை.

"தாரணி வந்துருச்சா?" என்றார்.

"இல்ல. ஏதோ மீட்டிங்காம். ரோட்டுக்கு அந்தப் பக்கந்தான் வீடு, ஆனா தனியா வராதீங்கம்மான்னு சொல்லியிருக்கு. வந்துரும்."

"தல சுத்துதா?"

"கொஞ்சம்."

"சொவத்துல சாஞ்சுக்க. எந்திரிக்காத."

"சரி. அது வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க."

வாசலை ஒட்டி, நோயாளிகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் உட்காரும் பெஞ்சு காலியாக இருந்தது. சுந்தரேசன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.

"என்ன பேசுறது?"

"என்ன சாப்பிட்டீங்க காலைல?"

"பீஹூன்," என்றார் அவர். "கேண்டீன்லதான். முட்ட போட்டுக் குடுத்தான். உப்பே இல்ல." அப்புறம் மதியம் என்ன சாப்பிட்டார் என்பதையும், எந்த வரிசைச் செடிக்கு மண் மாற்றினார்கள் என்பதையும், தாரணி வந்து அம்மாவைக் கைப்பிடித்து எழுப்பிக் கூட்டிப்போகும்வரை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.